ரெண்டு மில்லி மேடு

"ஏழு அங்குலம் எதுக்குண்ணா? முகாமுக்குப் போறவங்க புலியோட மல்லுக்கட்டவா போறாங்க? வெங்காயம் நறுக்குவாங்க, கயிறு அறுப்பாங்க, ரொட்டியில வெண்ணெய் தடவுவாங்க. நாலரை போதும்."

"நாலரைல விறகு எப்படிப் பிளப்பே?"

"அதுக்குக் கோடாலி இருக்கு. கோடாலி வேலைக்கு ஏன் கத்திய அனுப்புறீங்க?"

"கோடாலிய யாரு சுமக்கிறது, உங்க தாத்தாவா?"

"சரி, அலகை விடுங்க. இது என்ன, பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய தடுப்பு? கத்திக்கு எதுக்குண்ணா மூக்குத்தி?"

பொறி அண்ணன் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, அதில் படிந்த இரும்புத் தூளைச் சட்டையில் துடைத்தார். "கை முன்னால வழுக்கினா அலகு மேல ஏறாம நிக்குறதுக்கு."

"பிடி ஒழுங்கா இருந்தா ஏன் வழுக்குது? மரம் செதுக்கும்போது விரலை அலகுகிட்ட கொண்டு போகணும். இது நந்தி மாதிரி குறுக்க நிக்குது."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "இங்க பாரு, கருத்து வந்திருக்கு! டீ வை!"

உள்ளேயிருந்து அவர் மனைவி, அக்காவின் குரல் வந்தது. "ஆளுக்கு ஒரு டீ போதுமா, இல்ல கருத்துக்கு ஒண்ணு வீதமா?"

இது போன மழைக்கு முன்னால் நடந்த பேச்சு. அப்போது அந்த வீட்டில் இப்படிப் பின்கட்டிலிருந்து சமையலறைக்குக் கத்துவார்கள், அங்கிருந்து இங்கே பதில் வரும். சமையலறை வாசலிலிருந்து தகரக் கூரை போட்ட பட்டறைக்கு ஒன்பது எட்டு நடைதான். நான் எண்ணியிருக்கிறேன்.

எனக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடாரக் கடையில் வேலை. மலைக்குப் போகிறவர்கள் கூடாரம், அடுப்பு, தூங்கும் பை எல்லாம் வாடகைக்கு எடுத்துப் போவார்கள். திரும்பி வரும் கூடாரத்துக்குள் இலை இருக்கும், எறும்பு இருக்கும், யாருடையதோ ஒற்றைக் காலுறை இருக்கும். உதறிக் காயப்போட்டு மடிக்க வேண்டும். அதற்கு மூளை தேவையில்லை என்பதால் என் மூளையைக் கத்திக்குக் கொடுத்துவிட்டேன். மடக்குக் கத்தி எனக்குப் பிடிக்காது, மடங்குகிற இடம்தான் உடைகிற இடம். பிடிக்குள் கடைசி வரை இரும்பு ஓடும் மடங்காத கத்திதான் கத்தி. இப்படியெல்லாம் கைபேசியில் எழுதுவேன். நானூறு பேர் படிப்பார்கள். அதில் முந்நூறு பேர் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் பொறி எனக்குக் கருத்து என்று பேர் வைத்தார்.

எப்போதும் தீப்பொறிக்கு நடுவில் நிற்பதால் அவருக்குப் பொறி என்றே பேர். முன்பு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அக்காவுக்குக் காட்டில் வேலை. பத்து நாள் மேலே முகாம், நாலு நாள் வீடு. ஒவ்வொரு மரமாக நின்று, பட்டையில் உள்ளங்கை அளவு நெம்பி எடுத்து, அடியில் பூச்சி துளைத்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் கொடுத்த கத்தி இரண்டாவது வாரமே முறிந்தது. அவர் லாரியின் வில் பட்டையை அறுத்து ஒன்று செய்து கொடுத்தார். அதைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள், அவர்களிடம் பார்த்து மலைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். லாரிப் பட்டறையை விட்டுவிட்டு வீட்டிலேயே கத்திப் பட்டறை போட்டுவிட்டார். கத்தி அவருடையது, தோல் உறை அக்காவுடையது. எந்தப் புது வடிவமும் முதலில் அக்காவோடு ஒரு முறை காட்டுக்குப் போய் வரும். அக்கா சரி என்று சொன்னால்தான் மற்றவர்களுக்கு.

நான் விடாமல் நச்சரித்தேன். அவர் தடுப்பைப் பாதியாகக் குறைத்தார். பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கினார். கடைசியில் சுட்டு விரல் வந்து நிற்கும் இடத்தில் பயறு அளவுக்கு ஒரு மேடு மட்டும் மிஞ்சியது. ரெண்டு மில்லி உயரம். பிடியை முகம் தெரிகிற மாதிரி மெருகு போட்டார். படத்துக்கு அது நன்றாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான். படம் எடுத்தேன், என் முகமே அதில் விழுந்தது. 'மூக்குத்தி கழற்றிய கத்தி' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். அன்றைக்கு முந்நூறு பேர் அல்ல, இருநூறு பேர்தான் சண்டைக்கு வந்தார்கள்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். நாலாம் நாள் மழை. பட்டைக்குள் முனை சிக்கிக்கொண்டது. முழு பலத்தோடு உள்ளே தள்ளியிருக்கிறாள். கத்தி நின்றது, கை நிற்கவில்லை. சுட்டு விரலிலும் நடு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் இறங்கி வந்திருக்கிறாள். தையல் போட்டார்கள். நடு விரல் பாதி மடங்குகிறது. சுட்டு விரல் மடங்கவே மடங்காது.

ஒரு வாரம் கழித்து நான் போனபோது பொறி பட்டறையில் உட்கார்ந்திருந்தார். இரும்பு அரைக்கும் கிரைண்டரைப் போர்வை போட்டு மூடியிருந்தார். பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில்.

"அண்ணா."

"ரெண்டு மில்லி," என்றார், என்னைப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு மில்லி விட்டிருந்தா கை நின்னிருக்கும்."

"நான்தானேண்ணா சொன்னேன், எடுங்கன்னு..."

"நீ ஆயிரம் சொல்லுவே. அரைக்கிறவன் நான்தானே?"

அன்றைக்கே நான் எழுதியதை அழித்தேன். ஏன் அழித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்படியே ரெண்டு மாதம் போனது. அவர் காலையில் பழைய லாரிப் பட்டறைக்குப் போவார். மாலையில் வந்து, போர்வை மூடிய கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்காருவார். அக்கா இடது கையால் தட்டைக் கொண்டுவந்து பட்டறை ஜன்னல் திண்டில் வைப்பாள். சாப்பிட்டதும் கழுவி அதே திண்டில் கவிழ்த்து வைப்பார். தட்டு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து அழைப்பு. "உங்க கடையில இருக்குற கத்தி எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு எடுத்துட்டு வா."

"எல்லாமா? எதுக்குக்கா?"

"கொள்ளையடிக்கப் போறேன். வாயேன்."

போனேன். சமையலறை மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் நறுக்காத வெங்காயமும் இருந்தன. அக்கா முட்டையை மேசையில் உருட்டி, இடது கையால் தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"படி," என்றாள்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, அலுவலகத்துக்கு வர வேண்டும். மருத்துவருக்கு முன்னால் ஒரு கட்டையில் பட்டை உரித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் மறுபடியும் காடு. முடியாவிட்டால் தலைமை அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை. தலைமை அலுவலகம் ஒரு முழு நாள் ரயில் பயண தூரம்.

"அங்க போய் என்னக்கா பண்ணுவீங்க?"

"தூசி தட்டுவேன்."

"அண்ணன்?"

அக்கா பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. "அவரு கிரைண்டருக்குக் காவல் இருக்கணுமே. வரமாட்டாரு. இங்க ஒம்பது எட்டு வராதவரு ஒரு நாள் ரயில் ஏறியா வரப்போறாரு?"

பின்வாசல் படிக்குப் பக்கத்தில் பட்டையோடு ஒரு கட்டை கிடந்தது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயற்சி செய்தோம். பட்டறை ஜன்னலில் அவருடைய தோள் தெரிந்தது. திரும்பவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

முதலாவது, ஆரஞ்சு நிற ரப்பர் பிடி. "பிடி இருக்கு, கத்தி எங்கடி?" என்றாள் அக்கா.

ரெண்டாவதுக்கு முதுகில் ரம்பப் பல்.

"இந்தப் பல்லு எதுக்கு?"

"மரம் அறுக்கவாம்."

"அறுக்குமா?"

"அறுக்காது."

"அப்புறம்?"

"படத்துல நல்லாருக்கும்க்கா," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவதன் பிடி உள்ளே வெற்றிடம். மூடியைத் திருகினால் தீக்குச்சி, தூண்டில் முள், ஊசி, ஒரு மெழுகுத் துண்டு.

"உள்ள பெட்டிக்கடையே வெச்சிருக்கான். பிடி காலின்னா அலகு எதுல நிக்குது?"

"ஒரு திருகாணியில."

"ஒரு திருகாணிய நம்பி நான் மலை ஏறணுமா?"

நாலாவது நல்ல கத்தி. உண்மையிலேயே நல்ல கத்தி. அக்கா அதைப் பிடித்துப் பட்டைக்குள் முனையை விட்டாள். நெம்பினாள். சுட்டு விரல் மட்டும் காற்றில், யாருக்கோ வழி காட்டுவதுபோல நீட்டிக்கொண்டு நின்றது. பிடி உள்ளங்கைக்குள் புரண்டது. கத்தி கல்லில் விழுந்தது. ஜன்னலில் அந்தத் தோள் ஒரு முறை குலுங்கியது.

ஐந்தாவதும் விழுந்தது. ஆறாவதை அக்கா எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் எல்லா விரலும் மடங்கும்னு நெனச்சுப் பண்ணியிருக்காங்க," என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். மழை தூறத் தொடங்கியது. தகரத்தில் விழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னாலதான்க்கா. நான் மட்டும் மூக்குத்தி கீக்குத்தின்னு பேசாம இருந்திருந்தா, அந்தப் பெரிய தடுப்பு அப்படியே இருந்திருக்கும். உங்க கை..."

"நிறுத்து. மூக்கைச் சிந்து முதல்ல."

அக்கா எழுந்து போய் மாவு டின்னுக்குப் பின்னால் கையை விட்டாள். துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துப் பிரித்தாள். அந்தக் கத்தி. அலகில் துருப் பொட்டுகள் விழுந்திருந்தன.

"மேட்டைத் தொடு."

தொட்டேன். மறுபடியும் தொட்டேன். விரல் தடையில்லாமல் பிடியிலிருந்து அலகுக்கு ஓடியது.

"மேடு எங்கக்கா?"

"உறையில இடிச்சுது," என்றாள். "தோல் புதுசு, வாய் இறுக்கம். ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டி எடுக்கணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் அவர் கடைக்குப் போயிருந்தப்ப அரத்தை எடுத்து ராவிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. உறைய பிரிச்சுத் தைக்கணும்னா ஒரு மணி நேரம் ஆகும். சோம்பேறித்தனம், வேறென்ன?"

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"எப்ப? ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கிறேன், எதிர்ல அவர் மூஞ்சி. அதுலயே தீர்ப்பு எழுதியாச்சு, தான்தான் குத்தவாளின்னு. என்னடி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். கேக்கல. அறுந்தது என் கை, துக்கம் மட்டும் அவருக்கா? எனக்குக் கோவம் வந்துடுச்சு. இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் நாள் ஆயிடுச்சு. நாள்பட்ட பொய்யும் நாள்பட்ட துருவும் ஒண்ணு. சொரண்டினா ஓட்டை விழுந்துடும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ரெண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போய்விட்டது. அது உருண்டு போய் யார் மேல் நின்றது என்று அடுத்த மூச்சில் தெரிந்தபோது வெட்கமாகிவிட்டது.

"பார்த்தாருன்னா கண்டுபிடிச்சிடுவாரு," என்றாள் அக்கா. "கிரைண்டர் கோடு நேராப் போகும். இங்க பாரு, அரம் கோடு சாஞ்சிருக்கு. அவர் பார்க்கட்டும்னு ஒரு வாரம் மாவு டின் மேலயே வெச்சிருந்தேன். தண்ணி குடிக்க வருவாரு, அந்தப் பக்கமே கண்ணைத் திருப்ப மாட்டாரு. அப்புறம்தான் பின்னால போட்டேன்."

பேசாமல் இருப்பது எனக்கு வராது. "மாவு இருக்கா?" என்றேன்.

"பசிக்குதா?"

"இல்லக்கா. உங்க கைக்குக் கத்தி எப்படி இருக்கணும்னு உங்க கையே சொல்லட்டும்."

மாவில் நிறைய உப்பைக் கொட்டிக் கெட்டியாகப் பிசைந்தேன். இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து, கூடாரம் மடிக்கிற கையாடி இது என்று அக்கா விரட்டினாள். பிடி நீளத்துக்கு உருட்டி அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னேன். "கையை நனைச்சுக்கோங்க."

"ஏன்?"

"அண்ணன் எந்தப் பிடியையும் தன் கையில வெச்சுதான் பார்ப்பாரு. அந்தக் கை பூரா இரும்புத் தூளு, உப்புத்தாள் மாதிரி. அதுல மீன் கூட வழுக்காது. ஈரக் கையில பிடிச்சுப் பார்க்கணும்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல."

நனைத்த கையால் இறுக்கினாள். வலித்தது, முகத்தில் தெரிந்தது. விட்டபோது மாவில் மூன்று பள்ளங்கள். நடு விரலின் பள்ளம் மற்ற ரெண்டைவிட மேலோட்டமாக இருந்தது. பக்கவாட்டில், முதுகை ஒட்டி, சுட்டு விரல் நீட்டிப் படுத்த இடத்தில் வளையாத ஒரே கோடு. அடுப்பு ஓரத்தில் காயவைத்தோம். சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது.

"கொண்டு போய்க் குடு," என்றாள்.

"நீங்க குடுங்க."

"நாக்கு நீளமானவதான் தூது போகணும். போ." பிறகு துணிச் சுருளையும் எடுத்து என் கையில் வைத்தாள். "இதையும் வெச்சிட்டு வந்துடு. வாயைத் திறக்காத. உனக்கு அது கஷ்டம்னு தெரியும்."

ஒன்பது எட்டு. மழை வலுத்திருந்தது. ஜன்னல் திண்டில் கவிழ்த்த தட்டின் மேல் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது.

"என்ன கருத்து, மாவுல பொம்மை பண்ணியிருக்க?" என்றார். குரல் கரகரத்தது, நாள் முழுவதும் யாரோடும் பேசாத குரல்.

"அக்கா கைண்ணா."

வாங்கினார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு தன் கையில் வைத்து இறுக்கினார். பொருந்தவில்லை. அவர் சுட்டு விரலுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் தேடியது. பிறகு அவரே அதை மெல்ல நீட்டி, அந்த நேர் கோட்டின் மேல் படுக்க வைத்தார். கண்ணைத் திறக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

பிறகு துணியைப் பிரித்தார்.

கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கட்டை விரல் மேடு இருந்த இடத்துக்குத் தானாகப் போனது, நின்றது. அந்த இடத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கிரைண்டரின் போர்வையில் இருந்த பூக்களை எண்ணினேன். பதினெட்டு வரை எண்ணினேன்.

"அரத்தைத் தள்ளும்போதும் அழுத்தியிருக்கா, இழுக்கும்போதும் அழுத்தியிருக்கா," என்றார். "போற பக்கம் மட்டும்தான் அது வெட்டும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக.

"நீ எழுதினதை அழிச்சிட்டியா?"

"ஆமாண்ணா."

"ஏன்? எழுத்துல என்ன தப்பு? தப்பு..." என்று தொடங்கி நிறுத்தினார். வீட்டுப் பக்கம் பார்த்தார். சமையலறையில் விளக்கு போட்டிருந்தது. எழுந்து கிரைண்டரின் மேல் இருந்த போர்வையை எடுத்து, மூலைக்கு மூலை சேர்த்து, அவசரமே இல்லாமல் நாலாக மடித்தார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று மாலையும் கிரைண்டர் ஓடியது. கடை மூடியதும் நான் அங்கே போய் நிற்பேன். அவர் லாரிப் பட்டறை உடுப்பைக்கூட மாற்றாமல் வேலை செய்வார். நாலரை அங்குல அலகு, முதுகு நாலு மில்லி கனம். நெம்புகிற வேலை என்பதால் முனையைத் தடிமனாக விட்டார். "முனை மெலிசா இருந்தா நல்லா செதுக்கும்ணா," என்றேன் வாய் சும்மா இராமல். "செதுக்கிக்கிட்டு உக்கார அவ பொம்மை வியாபாரியா?" என்றார். அது ஒன்றுதான் அந்த மூன்று நாளில் அவர் சொன்ன வேடிக்கை.

புதன்கிழமை அலகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினார். புகை தகரம் வரை எழுந்தது. எண்ணெயிலிருந்து வரும் இரும்பு கண்ணாடி மாதிரி, கடினம்தான், ஆனால் கீழே விழுந்தால் சுக்குநூறு. அதை மிதமான சூட்டில் ரெண்டு மணி நேரம் வைத்து இறுக்கத்தைத் தணிக்க வேண்டும். அதற்குப் பட்டறையில் வசதி கிடையாது. எப்போதும் சமையலறையில் ரொட்டி சுடுகிற ஓவனில்தான் வைப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அலகைத் துணியில் ஏந்திக்கொண்டு ஒன்பது எட்டு நடந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து, ஓவனில் இருந்த தட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"எவ்ளோ சூடு?" என்றாள்.

"இருநூறு."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

ஆறு வருடமாக அந்த ஓவனில் எத்தனை கத்தி வெந்திருக்கும்! சூடும் நேரமும் அக்காவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

அவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மேசைக்கு இந்தப் பக்கம். இரண்டு பேரும் ஓவனின் சிறிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் சினிமா ஓடுவதுபோல. உருளைக்கிழங்கு வெந்த வாசனையும் காய்ந்த இரும்பின் வாசனையும் ஒன்றாக வந்தன. நான் என்னென்னவோ பேசினேன். கூடாரத்துக்குள் கிடைத்த பல்செட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் நானும் ஓவனைப் பார்த்தேன். அந்த ரெண்டு மணி நேரத்தில் அவர் அக்காவின் கையை ஒரே ஒரு முறை பார்த்தார். அக்கா உடனே அதை மடியில் இறக்கிக்கொண்டாள்.

அலகு வெளியே வந்தபோது வைக்கோல் நிறம். "சரியா இருக்கு," என்றார் பொதுவாக. எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா தட்டுகளை மறுபடியும் ஓவனுக்குள் அடுக்கினாள். அடுக்கிவிட்டு அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை நின்றாள்.

இன்றைக்கு ஞாயிறு. மத்தியானம் போனேன். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுக்க ஜன்னல் திண்டுக்குப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "இங்க வா."

கழுவிக் கவிழ்த்த தட்டு. அதன் மேல் புதுக் கத்தி. மெருகே இல்லாத பிடி, குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக அறுத்துவிட்டிருந்தார். பக்கவாட்டில் அந்த வளையாத நேர் பள்ளம். கத்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரம். புது அரம் இல்லை, அக்கா அன்றைக்கு எடுத்தாளே, அதே அரம்.

அக்கா கையைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து கத்தியைப் பிடித்தாள். சுட்டு விரல் போய்ப் படுத்தது. கட்டையில் முனையை விட்டு நெம்பினாள். உள்ளங்கை அளவுக்குப் பட்டை அழகாகப் பெயர்ந்து வந்தது. இன்னொன்று. இன்னொன்று. கத்தி புரளவில்லை.

நான் பையிலிருந்து அளவுகோலை எடுத்து மேட்டை அளந்தேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ரெண்டு மாதமாக இன்னும் ரெண்டு மில்லி, இன்னும் ரெண்டு மில்லி என்று உயிரை விட்டவர், நாலு மில்லி வைத்திருப்பார் என்று நினைத்தேன். ரெண்டு மில்லிதான். பழைய இடத்தில், பழைய உயரத்தில்.

அக்கா பழைய உறையை எடுத்துவந்து கத்தியை உள்ளே விட்டாள். பாதியில் நின்றது. அதே இடத்தில் இடித்தது.

அரத்தைப் பார்த்தாள். "கொழுப்பைப் பாரு," என்றாள். சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் என்னவோ ஆகி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த இரும்பும் படாமல் வெறுமனே சுற்றுகிற சத்தம், எனக்குத் தெரியும்.

அக்கா அரத்தைத் தொடவில்லை. சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, உறையை முழங்காலில் வைத்து, புதுக் கத்தியின் முனையால் வாயோரத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஏழு தையல். தோல் விரிந்தது. கத்தி மேட்டோடு உள்ளே போய் உட்கார்ந்தது.

இனி அகலமாக்கித் தைக்க வேண்டும். மெழுகு நூலையும் ஊசியையும் எடுத்தாள். மடங்காத விரலால் நூலைப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் முயன்றாள், நூல் ஊசியின் காதைத் தாண்டிப் போனது. மூன்று தடவை. பிறகு ஊசியை என்னிடம் நீட்டினாள். "கோத்துக் குடு."

நான் ஊசியைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுக்கா."

"உனக்கா? அலகுல முடி அளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடிப்பேன்னு எழுதுவியே?"

"அது தூரத்துப் பார்வை. கிட்டத்துல சரியில்ல. வயசாகுதில்ல?"

"இருபத்திமூணு வயசுல?"

"சீக்கிரமே வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல். வாசலைத் தாண்டும்போது அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். எழுந்தாளா என்று தெரியாது. நான் நிற்கவில்லை, நின்றிருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். தெருமுனை வரை கிரைண்டர் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டாரா, இல்லை நான்தான் தூரமாக வந்துவிட்டேனா?

நாளைக்குத் திங்கள். கத்தி பட்டையை உரித்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த அரம்தான். இதைப் படிக்கிற நீங்களும் கத்தி பிடிக்கிறவர்கள், சொல்லுங்கள். மேட்டை ரெண்டு மில்லியிலேயே நிறுத்தி, பக்கத்தில் அரத்தையும் வைத்துக் கொடுத்தாரே, இடித்தால் மறுபடியும் ராவிக்கொள் என்று குத்திக்காட்டினாரா, இல்லை உன் கை, உன் இஷ்டம் என்று விட்டுக்கொடுத்தாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?